ஒரு நொடி எந்திரமும் ஒரு மணி நேரப் பிள்ளையும்

திருவாண்டார்கோயிலில் செஸ் வகுப்பு தொடங்கிய புதிதில் பெற்றோர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "இதை ஆடிக்கிட்டு இருந்தா படிப்பு கெட்டுடாதா சார்?" இப்போது கேள்வி மாறிவிட்டது. "போன்லயே செஸ் இருக்குது. உலக சாம்பியனையே அடிக்குமாம். அதோட ஆடிப் பழகினா பத்தாதா?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. திருபுவனை தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்க்கும் ஒருவருக்கு வகுப்புக் கட்டணம் சின்னக் காசு இல்லை. ஆனால் இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாது. செஸ் கடிகாரத்தில் ஓடும் நேரம் எந்திரத்துக்கு எதைக் கொடுக்கிறது, மனிதனுக்கு எதைக் கொடுக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்த ஒரு வித்தியாசத்துக்குள் இருக்கிறது.

எங்கள் ஊர் புதுச்சேரி-விழுப்புரம் சாலையில், வில்லியனூர் வட்டத்து மண்ணாடிப்பட்டு கொம்யூனில் இருக்கிறது. சம்பந்தர் பாடிய வடுகூர் இதுதான். சாயங்காலம் பள்ளி விட்டதும் திருபுவனை, மதகடிப்பட்டு, சன்னியாசிக்குப்பம் என்று சுற்றுப்புறத்துப் பிள்ளைகள் சைக்கிளிலும் டவுன் பஸ்ஸிலும் வந்து சேர்வார்கள். விரிப்புப் பலகை, பிளாஸ்டிக் காய்கள், கைமாறி வந்த சில கடிகாரங்கள். போன் மட்டும் எல்லார் வீட்டிலும் உண்டு. ஆகவே இந்தப் பிள்ளைகள் முதலில் சந்திக்கும் எதிராளி எந்திரம்தான். வகுப்புக்கு வருவதற்கு முன்பே அதனிடம் பலமுறை தோற்றுவிட்டுத்தான் வருகிறார்கள்.

அவர்களுக்கு நான் முதலில் சொல்லும் கதை 1998 ஜூலையில் இத்தாலியின் இஸ்கியா தீவில் நடந்தது. அப்போது விஸ்வநாதன் ஆனந்த் உலகத் தரவரிசையில் காஸ்பரோவுக்கு அடுத்த இடத்தில் இருந்தார். எட் ஷ்ரோடர் என்ற டச்சுக்காரர் எழுதிய ரெபெல் 10 என்ற நிரலோடு அங்கே அவர் எட்டு ஆட்டங்கள் ஆடினார். மற்ற பெரும்பாலான மனித-எந்திரப் போட்டிகளில் இல்லாத ஒன்று இதில் இருந்தது. ஒரே மனிதரும் ஒரே நிரலும் மூன்று வெவ்வேறு நேர அளவில் மோதினார்கள்: பிளிட்ஸ் என்ற மிக வேகமான ஆட்டங்கள் நான்கு, ஆளுக்குப் பதினைந்து நிமிட அளவில் இரண்டு, 40 நகர்வுக்கு 2 மணி நேரம் என்ற முழு அளவில் இரண்டு. பிளிட்ஸில் ரெபெல் 3-1 என்று வென்றது. பதினைந்து நிமிடத்தில் ஒன்றரைக்கு அரை என்று அதுவே வென்றது. முழு நேர ஆட்டத்தில் அதே ஒன்றரைக்கு அரை, வென்றவர் ஆனந்த். மொத்தத்தில் எந்திரத்துக்கு 5-3.

எட்டு ஆட்டத்தை வைத்துப் பெரிய தீர்ப்பு எதுவும் எழுத முடியாது. ஆனாலும் அந்த மூன்று வரிகளை மேலிருந்து கீழே படித்தால் ஒன்று தெரியும். முழு நேரம் கிடைத்ததும் மனிதன் எழுகிறான். இதில் தோற்றவர் நிதானமாக ஆடிப் பழகிய யாரோ ஒருவர் அல்ல என்பதையும் பிள்ளைகளிடம் சொல்வேன். சின்ன வயதிலேயே 'மின்னல் சிறுவன்' என்று பெயர் வாங்கியவர் ஆனந்த். எதிராளிகள் மணிக்கணக்கில் யோசிக்க, தன் நேரத்தில் கொஞ்சத்தை மட்டும் செலவழித்து ஜெயித்தவர். மனிதரில் அவரைவிட வேகமாகவும் சரியாகவும் ஆடக்கூடியவர்கள் அன்று அபூர்வம். அப்படிப்பட்டவருக்கே பிளிட்ஸ் கைகொடுக்கவில்லை.

ஏன் என்பதற்குக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 40 நகர்வுக்கு 2 மணி நேரம் என்றால் ஒரு நகர்வுக்குச் சராசரி 3 நிமிடம். பிளிட்ஸில் தாராளமாகப் பத்து நொடி என்று வைத்துக்கொள்வோம். நேரம் பதினெட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. இதனால் எந்திரத்துக்கு என்ன நஷ்டம்? ஒரு நிலையில் சராசரியாக முப்பத்தைந்து நகர்வுகள் சாத்தியம். தேவையில்லாத கிளைகளை நல்ல நிரல் கணக்கிடாமலே வெட்டிவிடும். அப்படி வெட்டிய பிறகு ஒவ்வொரு படி ஆழத்துக்கும் ஏறக்குறைய ஆறு மடங்கு வேலை ஆகும். ஒரு படி என்பது ஒரு பக்கத்தின் ஒரு நகர்வு. நேரத்தைப் பாதியாகக் குறைத்தால் அரைப் படிகூடக் குறையாது. பெல் ஆய்வகத்தின் கென் தாம்ப்சன் 1980-களின் தொடக்கத்தில் தம் 'பெல்' (Belle) என்ற செஸ் எந்திரத்தை வெவ்வேறு ஆழத்தில் நிறுத்தித் தன்னோடு தானே மோதவிட்டுப் பார்த்தார். ஒரு படி கூடினால் ஏறத்தாழ 200 ரேட்டிங் புள்ளி கூடியது. அந்தக் கணக்கில் நேரத்தைப் பாதியாக்கினால் எழுபது புள்ளி அளவுக்குத்தான் இறங்கும். பதினெட்டில் ஒரு பங்கு என்பது நான்கு தடவை பாதியாக்கியதைவிடச் சற்று அதிகம். ஆக, முன்னூறு புள்ளி போகும் என்று வைக்கலாம். அவ்வளவு பலவீனமான ரெபெல்தான் பிளிட்ஸில் ஆனந்தை வென்றது. அப்படியானால் மனிதன் இழந்தது அதைவிட அதிகம்.

மனிதன் எதை இழக்கிறான் என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு மதகடிப்பட்டுச் செவ்வாய்ச் சந்தையை வைத்து விளக்குவேன். கைதேர்ந்த வியாபாரி ஒரு மாட்டைப் பார்த்த மாத்திரத்தில் மனசுக்குள் விலை போட்டுவிடுவார். அந்த முதல் பார்வை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனாலும் காசை எடுத்துக் கொடுப்பதற்கு முன் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், கண்ணருகே கையை ஆட்டிப் பார்ப்பார். செஸ்ஸிலும் இரண்டு வேலை இருக்கிறது. நல்ல நகர்வு எது என்று மனசில் படுவது முதல் வேலை. அதில் ஓட்டை இருக்கிறதா என்று சோதிப்பது இரண்டாவது. நேரம் குறைந்தால் முதல் வேலை அப்படியே நிற்கும், இரண்டாவது போய்விடும். எந்திரமோ ஒரு நொடி கொடுத்தாலும் ஒவ்வொரு நகர்வையும் சோதித்துவிட்டுத்தான் வைக்கும். சோதிக்கும் ஆழம் கொஞ்சம் குறையலாம், சோதனை விட்டுப்போகாது. இரண்டு நகர்வில் குதிரை போகிற மாதிரித் தவறை அது செய்வதே இல்லை. ஐந்து நிமிட ஆட்டத்தில் நாம் தோற்பது பெரும்பாலும் அந்த மாதிரித் தவறில்தான்.

எந்திரம் மனிதக் கோட்டைக்குள் நுழைந்த வழியும் இதையே காட்டுகிறது. முதலில் விழுந்தது வேகமான ஆட்டம். 1977-இல் லண்டனில் கிராண்ட்மாஸ்டர் மைக்கேல் ஸ்டீன் செஸ் 4.6 என்ற நிரலிடம் ஒரு பிளிட்ஸ் ஆட்டம் தோற்றார். அடுத்த ஆண்டே டொரான்டோவில், முழு நேர ஆட்டத்தில், அதற்கு அடுத்து வந்த 4.7-ஐ கிராண்ட்மாஸ்டர்கூட இல்லாத டேவிட் லெவி மூன்றரைக்கு ஒன்றரை என்று வென்று, பத்தாண்டுக்குள் எந்த எந்திரமும் தன்னை வெல்லாது என்று கட்டியிருந்த பந்தயத்தையும் ஜெயித்தார். 1994 மே மாதம் மியூனிக் பிளிட்ஸ் போட்டியில் ஃபிரிட்ஸ் 3 காஸ்பரோவோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. தனி ஆட்டங்கள் வைத்துத்தான் காஸ்பரோவை வெற்றியாளர் என்று அறிவிக்க முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் லண்டனில் 25 நிமிட ஆட்டத்தில் ஜீனியஸ் என்ற நிரல் அவரை முதல் சுற்றிலேயே வெளியேற்றியது. முழு நேர ஆட்டத்தில் மட்டும் கோட்டை இன்னும் கொஞ்ச காலம் நின்றது. 1996-இல் ஃபிலடெல்ஃபியாவில் காஸ்பரோவ் டீப் புளூ என்ற கணினியை 4-2 என்று வென்றார். 1997-இல் நியூயார்க்கில்தான் அது மூன்றரைக்கு இரண்டரை என்று வென்றது. பிளிட்ஸ், பிறகு ராபிட், கடைசியாகக் கிளாசிகல். இருபது வருஷம் எந்திரத்தை வெளியே நிறுத்திவைத்தது மனிதனின் அறிவோடு சேர்ந்த அந்த மூன்று நிமிடம்.

லண்டனில் ஜீனியஸின் ஓட்டத்தை நிறுத்தியவர் யார் என்று வகுப்பில் கேட்பேன். பெரிய பிள்ளைகள் யாராவது சொல்லிவிடுவார்கள். காஸ்பரோவையும் கிராண்ட்மாஸ்டர் நிகோலிச்சையும் தாண்டி அரையிறுதிக்கு வந்த அந்த நிரலை ஆனந்த் 2-0 என்று முடித்தார். அதே 25 நிமிடம், அதே நிரல். நான்கு வருஷம் கழித்து இஸ்கியாவில் பதினைந்து நிமிட ஆட்டங்களில் அவரே பின்தங்கினார். இடைப்பட்ட காலத்தில் கணினிகள் வேகமெடுத்தன, நிரல்கள் கூர்மையாயின. மனித மூளைக்கு அப்படி ஆண்டுதோறும் புது மாடல் வருவதில்லை.

டீப் புளூ ஒரு நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை அலசியது. அதனால்தான் ஜெயித்தது என்று பலரும் எண்ணினார்கள். 2009 ஆகஸ்ட்டில் புவெனஸ் அய்ரெஸில் நடந்த மெர்கோசூர் கோப்பையில் பாக்கெட் ஃபிரிட்ஸ் 4 ஒரு சாதாரண எச்.டி.சி. கைபேசியில் ஓடியது. அது அலசியது நொடிக்கு 20 ஆயிரத்துக்கும் குறைவான நிலைகள். பத்துக்கு ஒன்பதரை எடுத்து முதலிடம் பிடித்தது. டீப் புளூவின் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நேரத்தைக் குறைப்பதும் வேகத்தைக் குறைப்பதும் எந்திரத்துக்கு ஒன்றுதான் என்பதால், இதை இப்படியும் சொல்லலாம்: யோசிக்கும் நேரத்தைப் பத்தாயிரத்தில் ஒன்றாக வெட்டினாலும் நல்ல நிரல் பலமான மனிதர்களை வெல்லும் என்று அன்றே தெரிந்துவிட்டது.

அதற்கு அடுத்த எல்லையும் வந்துவிட்டது. 2024-இல் டீப்மைண்ட் ஆய்வாளர்கள் தேடலே இல்லாத ஒரு நிரலை வெளியிட்டார்கள். அது எதிர்காலக் கிளைகளைத் தோண்டிப் பார்ப்பதில்லை. இப்படிப் போனால் அப்படி வருவான் என்ற கணக்கு அதில் கிடையாது. ஒரு கோடி ஆட்டங்களின் நிலைகளுக்கு ஸ்டாக்ஃபிஷ் என்ற வலுவான நிரல் கொடுத்த மதிப்பீடுகளைப் பார்த்துப் பழகியது. அந்த ஆசானுக்கே ஒரு மதிப்பீட்டுக்கு ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குதான் கொடுத்திருந்தார்கள். லிசெஸ் தளத்தில் மனிதர்களோடு பிளிட்ஸ் ஆடி அந்த நிரல் எடுத்த ரேட்டிங் 2895. முதல் பார்வை மட்டுமே கொண்ட எந்திரம் கிராண்ட்மாஸ்டர் அளவுக்கு ஆடுகிறது. இனி நேரத்தைச் சுருக்கி எந்திரத்தை மனிதனுக்குச் சமமாக இறக்கிவிடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

இதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தால் நேரடியாகப் பயன்படும் ஒரு விஷயம் கிடைக்கிறது. லிசெஸ்ஸில் ஸ்டாக்ஃபிஷோடு ஆட எட்டுப் படிகள் உண்டு. எட்டாம் படியிலேயே அது ஒரு நகர்வுக்கு ஒரு நொடி அளவுதான் எடுத்துக்கொள்ளும். கீழ்ப் படிகளில் நேரத்தையும் ஆழத்தையும் குறைப்பதோடு, வேண்டுமென்றே மட்டமான நகர்வையும் சில நேரம் வைக்கும்படி செய்திருக்கிறார்கள். நேரத்தை மட்டும் குறைத்தால் பிள்ளைகளால் ஜெயிக்கவே முடியாது என்பதால்தான் அந்த ஏற்பாடு. அதனால் மூன்றாம் படி, நான்காம் படியில் ஒரு விசித்திரம் நடக்கும். பத்து நகர்வு வல்லவன் மாதிரி ஆடிவிட்டு, பதினோராவதில் காரணமே இல்லாமல் யானையைத் தூக்கிக் கொடுக்கும். அதில் பழகிய பிள்ளை, எதிராளி எப்படியும் கொடுப்பான் என்று காத்திருக்கக் கற்றுக்கொள்கிறது. மதகடிப்பட்டிலிருந்து வரும் ஒரு சிறுமி இப்படித்தான் இருந்தாள். "ஏம்மா, இந்த மூவ் எதுக்கு?" என்றால், "சும்மா வெச்சேன் சார், அது தப்பு பண்ணும்" என்பாள். மனிதன் தப்பு செய்வான்தான், ஆனால் குழப்பமான நிலையில், நெருக்கடியில் செய்வான். சும்மா செய்ய மாட்டான். இப்போது அவளுக்கு மாயா என்ற நிரலைக் கொடுத்திருக்கிறேன். 1100 முதல் 1900 வரை ரேட்டிங் உள்ள மனிதர்களின் ஆட்டங்களைப் பார்த்து, அவர்கள் மாதிரியே ஆடப் பழகிய நிரல் அது. அதுவும் கிளைகளைத் தேடுவதில்லை. நம் பக்கத்து வீட்டுக்காரர் செய்யும் தவறையே செய்கிறது.

இன்னொரு பாடம் பலகையில் வைத்துக் காட்ட வேண்டியது. வெள்ளைக்கு ராஜா, வெள்ளைக் கட்டத்தில் ஓடும் பிஷப், ஓரத்து எச் வரிசையில் ஒரு சிப்பாய். கறுப்புக்கு வெறும் ராஜா, எச்-8 மூலையில். எண்ணிப் பார்த்தால் வெள்ளைக்கு நான்கு புள்ளி அதிகம். ஆனால் ஆட்டம் டிரா. சிப்பாய் ராணியாக வேண்டிய எச்-8 கறுப்புக் கட்டம். அந்த பிஷப்பால் அதைத் தொடவே முடியாது. கறுப்பு ராஜா மூலையை விட்டு நகராமல் எச்-8, ஜி-8 என்று மாறி மாறி வந்தால் விரட்ட வழியே இல்லை. பழைய நிரல்கள் பல இந்த இடத்தில் நான்கு புள்ளியை எண்ணிக்கொண்டு, ஜெயிப்பதாக நினைத்து நகர்த்திக்கொண்டே இருக்கும். ஐம்பது நகர்வு விதி வந்து ஆட்டத்தை டிராவாக முடிக்கும் தூரம் அவற்றின் தேடலுக்கு எட்டாது. ஒரு மனிதப் பிள்ளைக்கு ஒரு பார்வை போதும். இப்படிப்பட்ட அறிவுதான் அன்று முழு நேர ஆட்டத்தில் மனிதனைக் காப்பாற்றியது. தேடல் எட்டாத தூரத்தில் இருப்பதை நாம் காரணத்தால் அறிகிறோம். ஆனால் ஆட்டத்தை இருபது நகர்வு முன்பிருந்தே அந்த மூலைக்கு ஓட்டிக்கொண்டு வருவதற்கு நேரம் வேண்டும். இன்றைய நிரல்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. ஆனால் பாடம் பழசாகவில்லை, ஏனென்றால் பிள்ளை ஆடப்போவது இன்னொரு பிள்ளையோடு.

நேரம் மட்டும் இருந்தால் போதுமா என்றால், போதாது. 2006-இல் பான் நகரில் உலக சாம்பியன் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸோடு ஆடிய இரண்டாவது ஆட்டத்தில், ஒரே நகர்வில் வரும் செக்மேட்டைக் காணாமல் ராணியை வேறு பக்கம் நகர்த்திவிட்டார். முழு நேர ஆட்டம் அது. அந்த நிலையை வைத்துக் காட்டிவிட்டு, கைகளை மேசைக்குக் கீழே வைக்கச் சொல்வேன். எதிராளிக்கு செக் உண்டா, வெட்டு உண்டா, மிரட்டல் உண்டா? மூன்றுக்கும் மனசில் பதில் சொன்ன பிறகுதான் கை மேலே வர வேண்டும். எந்திரம் ஒரு நொடிக்குள் இயல்பாகச் செய்துவிடுவதை நாம் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கம் நிதானமான ஆட்டத்தில்தான் ஊறும்.

இங்கேதான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உண்மையான இடைஞ்சல். கிராமத்துப் பிள்ளைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகள். புதுச்சேரியிலோ விழுப்புரத்திலோ ஒரு கல்யாண மண்டபம், காலையில் தொடங்கிச் சாயங்காலம் பரிசளிப்பு, எல்லாம் ராபிட். கிளாசிகல் போட்டி என்றால் பல நாள் வேண்டும். தங்கும் அறைக்கு வாடகை, சாப்பாடு, கூடப் போகும் தகப்பனுக்கு ஷிப்ட் இழப்பு. ஆகவே பிள்ளை கடிகாரத்தில் பதினைந்து நிமிடத்தை வைத்தே வளர்கிறது. வீட்டுக்கு வந்தால் போனில் மூன்று நிமிட ஆட்டம், ஒரு நிமிட ஆட்டம். நிதானமாக யோசிப்பது காசுள்ளவர் பிள்ளைக்கு, வேகமாக ஆடுவது மற்றவர் பிள்ளைக்கு என்று ஒரு பிரிவினை யாரும் திட்டமிடாமலே உருவாகியிருக்கிறது. இது என்னை மிகவும் வருத்துகிறது. எந்திரம் எதில் நம்மைவிட எப்போதும் மேலோ, அந்த வேக ஆட்டத்தில்தான் வசதி குறைந்த பிள்ளைகளைப் பழக்குகிறோம்.

நிதானத்தின் பலன் என்ன என்பதற்கு இப்போது தூரத்தில் தேட வேண்டியதில்லை. சென்னைப் பையன் குகேஷ், பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவின் யோசனைப்படி, 2500 ரேட்டிங் அளவுக்கு வளரும்வரை எஞ்சினை, அதாவது இந்த நிரல்களை, ஒதுக்கிவைத்துத் தன் மூளையாலேயே கணக்குப் போட்டு வளர்ந்தவர். 2024 டிசம்பர் 12-இல் சிங்கப்பூரில், அப்போதைய உலக சாம்பியன் திங் லிரெனோடு ஆடிய பட்டப் போட்டியின் கடைசியான பதினான்காவது ஆட்டம் டிரா ஆகியிருந்தால் பட்டம் வேக ஆட்டங்களுக்குப் போயிருக்கும். கிட்டத்தட்ட சமமாக இருந்த முடிவாட்டத்தில் விடாமல் ஆடிக்கொண்டிருந்தார். 55-வது நகர்வில் எதிராளி யானையைத் தவறான கட்டத்தில் வைத்ததும் அதைக் கண்டு, பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார். எந்திரமாக இருந்தால் அந்த முடிவாட்டத்தை டிரா என்று ஒரு எண்ணில் சொல்லிவிட்டு நின்றிருக்கும். சமமான நிலையிலும் எதிராளிக்குக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் பொறுமை வேறு இடத்தில் வளர்ந்தது.

ஆகவே என் வகுப்பில் சில விதிகளை உறுதியாக வைத்திருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் முழு நேர ஆட்டம். ஆளுக்கு ஒரு மணி நேரம், கையால் நகர்வு எழுத வேண்டும், நேரம் மிச்சம் வைத்துத் தோற்றவரிடம் மட்டும் நான் காரணம் கேட்பேன். போனோடு ஆடினால் கடிகாரம் சமமாக இருக்கக் கூடாது. எந்திரத்துக்கு நகர்வுக்கு ஒரு நொடி, பிள்ளைக்கு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு நொடி எந்திரத்தை முப்பதாவது நகர்வுவரை இழப்பில்லாமல் தாக்குப்பிடித்தால் அன்றைக்கு அதுதான் வெற்றி. ஆட்டம் முடிந்ததும் எஞ்சினைத் திறக்கக் கூடாது. எங்கே தடுமாறினாய், என்ன பயந்தாய், எந்த நகர்வை நினைத்துவிட்டுக் கைவிட்டாய் என்று பிள்ளை முதலில் தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் எஞ்சின். அப்போது அது சொல்வது காதில் ஏறும்.

போன் போதாதா என்று கேட்கும் பெற்றோருக்கு நான் கொடுக்கும் பதிலும் இதுதான். எதிராளி வேண்டுமென்றால் போன் போதும், உலகத்திலேயே சிறந்த எதிராளி அது. ஆனால் உங்கள் பிள்ளை யோசிக்கும் அந்த ஒரு மணி நேரத்தை அதனால் தர முடியாது. அதை நாம்தான் வீட்டிலும் வகுப்பிலும் ஒதுக்கித் தர வேண்டும். போட்டி நடத்துபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வில்லியனூரிலோ பாகூரிலோ மதகடிப்பட்டிலோ, பள்ளி விடுமுறையில், பிள்ளைகள் தினமும் வீட்டிலிருந்தே வந்து போகிற மாதிரி, நாளுக்கு இரண்டு சுற்று மட்டும் வைத்து ஒரு கிளாசிகல் போட்டி நடத்துங்கள். மண்டபம் வேண்டாம், அரசுப் பள்ளி வகுப்பறைகளும் பெஞ்சுகளும் போதும். பலகைகளும் கடிகாரங்களும் நாங்கள் கொண்டுவருகிறோம்.